சாவி யார் இடுப்பில்: உறவுவழி மனச்சிகிச்சையின் வரலாற்றிலிருந்து

நம்ம ஊர்ச் சிறுபத்திரிகைகளில் பைத்தியம் பற்றிய பேச்சு வந்தால் அது ஃபூக்கோவில் தொடங்கி ஃபூக்கோவிலேயே முடிந்துவிடுகிறது. 1961இல் அவர் எழுதிய வரலாற்று நூலின் சாரத்தை எல்லோரும் ஒப்பிப்பார்கள். பினெலும் டியூக்கும் பைத்தியக்காரர்களின் இரும்புச் சங்கிலியைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் குற்றவுணர்வு என்கிற கண்ணுக்குத் தெரியாத சங்கிலியைப் பூட்டினார்கள். ஃபிராய்ட் வந்து காப்பகத்தின் சுவர், மேற்பார்வை, தீர்ப்பு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அவற்றின் மொத்த அதிகாரத்தையும் மருத்துவர் என்கிற ஒற்றை ஆளிடம் குவித்தார். சரி. அதற்கப்புறம்? அந்த ஒற்றை ஆளை நாற்காலியிலிருந்து இறக்கப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இல்லையா? இருந்தார்கள். அவர்கள் கதை 'மனிதநேய உளவியல்' என்ற சர்க்கரைப் பாகில் முக்கியெடுக்கப்பட்டு, சுயமுன்னேற்றப் புத்தகங்களோடு சேர்த்து விற்கப்படுவதால் நம்மாட்கள் அதைத் தொடுவதில்லை. தொட்டுத்தான் பார்ப்போமே. அதற்குள்ளும் அதிகாரம் பற்றிய ஒரு கதை இருக்கிறது.

முதலில் ஒரு வார்டு. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், பால்டிமோருக்குப் பக்கத்தில் டவ்சன் என்ற ஊர். அங்கே ஷெப்பர்ட் அண்ட் ஈனாக் பிராட் மருத்துவமனையில் ஹாரி ஸ்டாக் சல்லிவன் (1892-1949) 1929இல் ஆறே ஆறு படுக்கைகள் கொண்ட தனி வார்டு ஒன்றைத் திறந்தார். சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் 'ஸ்கிட்சோஃப்ரெனியா' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். இவர்கள் விஷயத்தில் அக்கால மருத்துவம் தீர்ப்பை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தது. க்ரெப்லின் வழிவந்த ஜெர்மன் மரபு இதை இளவயதில் தொடங்கிப் படிப்படியாக முற்றும் சிதைவு என்றது. ஃபிராய்டோ, இவர்கள் தமக்குள்ளேயே சுருண்டுபோனவர்கள், மருத்துவரோடு பிணைப்புக் கொள்ள முடியாதவர்கள், ஆகவே உளப்பகுப்பாய்வுக்கு லாயக்கில்லை என்று கைகழுவிவிட்டார்.

சல்லிவன் செய்த காரியங்களில் முக்கியமானது, நர்சுகளை வார்டுக்குள் விடாதது. டாக்டர், நர்ஸ், வார்டுபாய், கடைசியில் நோயாளி என்று இறங்குகிற மருத்துவமனைப் படிவரிசையில் நர்ஸ்தான் அதிகாரத்தின் அன்றாட முகம் என்று அவர் நினைத்தார். (அதில் பெண்கள் பற்றிய அவருடைய ஒவ்வாமையும் கொஞ்சம் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.) வார்டுபாய்களைத் தானே பொறுக்கியெடுத்தார். முரட்டு ஆட்களை விட்டுவிட்டு, கூச்சமும் நுண்ணுணர்வும் கொண்ட, சராசரி உலகம் 'இவன் தேறமாட்டான்' என்று ஒதுக்குகிற மாதிரியான ஆட்களை எடுத்தார். பயிற்சி கொடுத்தார். பிறகு அவர்கள் போக்கில் விட்டார். பேசலாம், விளையாடலாம், தோளில் கைபோடலாம், கட்டியணைத்துக்கொள்ளலாம். சிகிச்சை டாக்டரின் அறையில் ஒருமணிநேரம் நடப்பதில்லை, மீதி 23 மணிநேரமும் வார்டில் நடப்பது என்பதுதான் அவர் கணக்கு. பெரும்பாலோர் தேறினார்கள் என்று அறிக்கை எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. ஆறு படுக்கையின் கணக்கை வெச்சுப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் பேசவே மாட்டார்கள் என்று எழுதிவைக்கப்பட்டவர்கள் பேசினார்கள். அது நடந்தது.

இதிலிருந்து அவர் கட்டிய கோட்பாடுதான் 'ஆளிடைக் கோட்பாடு'. ஆளுமை என்று ஒருவனுக்குள்ளே பெட்டியில் பூட்டிவைத்த சரக்கு எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கு நடுவே நடப்பதில்தான் அது தெரியவருகிறது, நடுவே நடப்பதால்தான் உருவாகவும் செய்கிறது. நோயும் அப்படித்தான். ஆகவே டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவராக இருக்க முடியாது. அவர் 'பங்கேற்கும் பார்வையாளர்'. தான் பார்ப்பதைத் தானும் சேர்ந்து உண்டாக்குகிறவர். இது வானத்திலிருந்து விழுந்த சிந்தனை இல்லை. மானிடவியலாளரும் மொழியியலாளருமான எட்வர்ட் சபீரோடு 1926இலிருந்து சல்லிவனுக்கு நெருங்கிய நட்பு. சிகாகோ சமூகவியலாளர்களோடும் போக்குவரத்து இருந்தது. பின்னால், கறுப்பின இளைஞர்கள் பற்றி ஈ. ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியரும் சார்ல்ஸ் எஸ். ஜான்சனும் 1940, 1941இல் வெளியிட்ட ஆய்வுகளுக்காகத் தென்மாநிலத்துக்குப் போய் அந்த இளைஞர்களிடம் பேசிக் குறிப்பு எழுதிக் கொடுத்த மனநல மருத்துவர் இவர். மன நோய்க்குச் சமூகம் என்றொரு முகவரி உண்டு என்பதை 'எதிர் உளமருத்துவம்' என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே பேசியவர்.

ஆனால் இந்த வார்டில் இன்னொன்றும் இருந்தது. சல்லிவன் ஆண்களை நேசித்த ஆண். 1927இலிருந்து சாகும்வரை தன்னோடு வாழ்ந்த ஜேம்ஸ் இன்ஸ்கோவை 'வளர்ப்பு மகன்' என்றே ஊருக்குச் சொல்லிவந்தார். வார்டுக்கு வந்த இளைஞர்கள் பலரும் உடைந்துபோனதற்குப் பின்னால் தங்கள் தன்பால் விருப்பம் பற்றிய திகில் இருந்தது. எட்வர்ட் கெம்ஃப் என்ற மருத்துவர் 1920இலேயே இந்தத் திகிலுக்கு ஒரு பெயர் சூட்டி அதை நோய்ப்பட்டியலில் சேர்த்திருந்தார். ஆறு படுக்கை வார்டில் அந்தத் திகில் இல்லாமல் ஓர் ஆண் இன்னொரு ஆணிடம் பிரியமாக நடந்துகொள்ள முடிந்தது. அது எப்படிச் சாத்தியமானது என்பதைச் சல்லிவன் தன் பிரசுரங்களில் முழுசாக எழுதவே இல்லை. எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். ஆக, பூட்டிய கதவுக்குள் விளைந்த அறிவு கதவுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியே வந்த கோட்பாட்டில் தன்பால் விருப்பம் வளர்ச்சியில் நேர்ந்த ஒரு சறுக்கல் என்ற தொனிதான். 1940இல் ராணுவ ஆள்சேர்ப்புக்கான மனநலத் தேர்வு விதிகளை எழுதுகிற பொறுப்பு அவரிடம் வந்தபோது, விலக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் தன்பால் விருப்பம் கொண்டவர்களை அவர் சேர்க்கவில்லை. ராணுவம் சேர்த்துக்கொண்டது. 1941 நவம்பரில் சல்லிவன் அந்தப் பொறுப்பைவிட்டு விலகினார்.

*

சல்லிவனின் தோழி கிளாரா தாம்ப்சன். அவர் சொல்லித்தான் தாம்ப்சன் 1920களின் கடைசியில் புடாபெஸ்ட்டுக்குப் போய் சாந்தோர் ஃபெரென்ஸியிடம் தன்னைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். ஃபெரென்ஸி ஃபிராய்டின் செல்லப்பிள்ளை. ஆனால் கடைசிக் காலத்தில் 'கெட்டுப்போன' பிள்ளை. 1932இல் அவர் எழுதிய நாட்குறிப்பில் ஒரு விசித்திரமான பரிசோதனை பதிவாகியிருக்கிறது. எலிசபெத் செவர்ன் என்ற நோயாளி, உங்களுக்கு உள்ளுக்குள் என்மேல் வெறுப்பு இருக்கிறது, அதை நான் பகுத்துப் பார்க்காதவரை என் சிகிச்சை நகராது என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஃபெரென்ஸி யோசித்தார். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் இடம் மாறினார்கள். நோயாளி நாற்காலியில், டாக்டர் சோபாவில். 'பரஸ்பரப் பகுப்பாய்வு' என்று இதற்குப் பெயர். ஃபிராய்டுக்கு எரிச்சல். ஃபெரென்ஸி 1933 மேயில் இறந்தார்; நாட்குறிப்பு முழுசாக அச்சேற 1985 ஆயிற்று, அதுவும் முதலில் பிரெஞ்சில். 52 வருஷம் அது அலமாரியில் கிடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டது செவர்ன். பெயர் ஃபெரென்ஸிக்கு. சமத்துவத்தை மருத்துவர் 'வழங்கியதாக' வரலாறு எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது நோயாளி கேட்டு, சண்டைபோட்டு, அடம்பிடித்து வாங்கியதாக இருக்கிறது. இந்தக் கதை நெடுகிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் (1889-1957) வேறு வழியாக வந்தவர். கார்ல்ஸ்ரூவில் பிறந்த யூதப் பெண், மருத்துவர். முதல் உலகப்போரில் தலையில் குண்டடிபட்டு மூளை சேதமான சிப்பாய்களிடம் கர்ட் கோல்ட்ஸ்டைனோடு வேலை செய்தார். இந்த கோல்ட்ஸ்டைன்தான் சிதைந்த உயிரிகூடத் தன்னால் முடிந்த அளவு தன்னை முழுமையாக்கிக்கொள்ள முயல்கிறது என்று கண்டு, 'தன்னை நிறைவாக்கிக்கொள்ளல்' என்ற கருத்தைச் சொன்னவர். பிற்பாடு ஆபிரகாம் மாஸ்லோ அதை எடுத்துத் தன் தேவைகளின் படிநிலைக்கு உச்சியில் வைக்க, மேனேஜ்மெண்ட் வகுப்புகளில் அது பிரமிடாகிவிட்டது. தலை பிளந்த சிப்பாயிடமிருந்து புறப்பட்ட ஒரு சொல் கம்பெனி அதிகாரியின் பயிற்சி முகாமில் போய்ச் சேர்ந்த கதையைத் தனியாகவே எழுதலாம்.

ஃப்ரீடா 1924இல் ஹைடல்பர்க்கில் ஒரு சிறு யூதச் சிகிச்சை இல்லம் நடத்தினார். எரிக் ஃப்ராமை 1926இல் மணந்தார். ஹிட்லர் வந்ததும் 1933இல் ஜெர்மனியைவிட்டு ஓடினார். ஸ்ட்ராஸ்பர்க், பாலஸ்தீனம் வழியாக 1935இல் மேரிலாண்டின் ராக்வில்லில் உள்ள செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். சாகும்வரை அதில்தான். சல்லிவனும் 1940களில் அங்கே வந்து தொடர்ந்து வகுப்பெடுத்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் கொடுத்துக் கோமாவில் ஆழ்த்துகிறார்கள். மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். ராக்வில்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வாஷிங்டனில் 1936இல் வால்டர் ஃப்ரீமேன் மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் அறுவையை அமெரிக்காவில் தொடங்கிவைத்தார். அதைக் கண்டுபிடித்த போர்ச்சுகீசிய மருத்துவர் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு. சல்லிவன் பாரிஸில் இறந்ததும் அதே வருஷம். இத்தனைக்கும் நடுவே ஒரு குள்ளமான நடுவயதுப் பெண், உடைந்த ஆங்கிலத்தில், வருஷக்கணக்காக ஒரே நோயாளியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் 1948இல் 16 வயதில் வந்த ஜோயன் கிரீன்பெர்க் பிழைத்து எழுந்து, 1964இல் ஹன்னா கிரீன் என்ற புனைபெயரில் அதை நாவலாக்கினார். 'ஐ நெவர் ப்ராமிஸ்ட் யூ எ ரோஸ் கார்டன்' என்ற அந்த நாவல் லட்சக்கணக்கில் விற்றது. ஃப்ரீடாவை உலகம் தெரிந்துகொண்டது ஒரு நோயாளியின் எழுத்து வழியாகத்தான்.

போற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. 1948இல் இதே ஃப்ரீடா ஒரு கட்டுரையில் 'ஸ்கிட்சோஃப்ரெனியாவை உண்டாக்கும் தாய்' என்ற சொல்லைப் போட்டார். போகிற போக்கில் எழுதியது. ஆனால் அது ஊர் முழுக்கப் பரவி, அடுத்த 30 வருஷம் மனநல மருத்துவமனைகளுக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த தாய்மார்கள் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். உறவுதான் நோயாக்குகிறது, உறவுதான் ஆற்றுகிறது என்று கோட்பாடு சொன்னால், நோயாக்கிய உறவுக்கு ஒரு முகம் தேடுவார்கள். கிடைப்பது அம்மாவின் முகம். அம்மாவை அப்படி ஆக்கிய வீடு, வருமானம், புருஷன், புலம்பெயர்வு, போர் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே. சமூகத்தை 'இரண்டு பேருக்கு நடுவே' என்று சுருக்கியதற்குக் கொடுத்த விலை அது. பில் அம்மாக்கள் பேரில் போனது.

*

இனி கார்ல் ரோஜர்ஸ் (1902-1987). இல்லினாய் பக்கத்துப் புராட்டஸ்டண்டு. பாதிரியாராகப் படிக்கப்போய் பாதியில் உளவியலுக்குத் தாவியவர். 1928இலிருந்து 12 வருஷம் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தில் வேலை. வருகிறவர்கள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கோர்ட்டு அனுப்பிவைத்த பிள்ளைகள். ஒரு சம்பவத்தை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு பையன். அவன் அம்மாவுக்குப் பிரச்சினை அவனைச் சின்ன வயதில் அவள் ஏற்காததுதான் என்று ரோஜர்ஸ் கண்டுபிடித்து, வாரக்கணக்கில் மென்மையாக அவளுக்குப் புரியவைக்கப் பார்க்கிறார். நடக்கவில்லை. இரண்டு பேரும் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டு கைகுலுக்கி முடித்துக்கொள்கிறார்கள். வாசல்வரை போன அந்தப் பெண் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை கொடுப்பீர்களா என்று கேட்கிறாள். உட்கார்ந்து தன் கல்யாணத்தின் கதையை, தன் வழியில், தன் வரிசையில் சொல்லத் தொடங்குகிறாள். பையன் கதை அப்புறம்தான் வருகிறது. எது வலிக்கிறது, எங்கே போக வேண்டும் என்பது நோயாளிக்குத்தான் தெரியும் என்கிற ரோஜர்ஸின் அடிப்படைக் கருத்துக்கு அவர் சொல்கிற மூலங்களில் இது ஒன்று. மறுபடியும் பாருங்கள்: கேட்டது அந்த அம்மா. அவள் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்னொரு மூலமும் பெண்கள்தான். ஃபிராய்டிடமிருந்து பிரிந்த ஆட்டோ ராங்கின் கருத்துகளை பிலடெல்ஃபியாவில் சமூகப் பணியாளர் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் ஜெஸ்ஸி டாஃப்ட். 'உறவுச் சிகிச்சை' என்ற சொல்லே அந்த வட்டாரத்துச் சரக்கு. 1933இல் டாஃப்ட் அதுபற்றிப் புத்தகமே போட்டுவிட்டார். அங்கே படித்துவிட்டு ரோச்செஸ்டருக்கு வேலைக்கு வந்த பெண் பணியாளரிடமிருந்துதான் நோயாளி சொல்வதன் உணர்ச்சியைக் கேட்டு அதைத் திருப்பிச் சொல்கிற முறையை ரோஜர்ஸ் கற்றார். சம்பளம் குறைந்த, 'டாக்டர்' பட்டம் இல்லாத பெண்கள் செய்துவந்த வேலை, ஓர் ஆண் பேராசிரியர் கைக்கு வந்ததும் 'கோட்பாடு' ஆனது. இது நமக்குத் தெரியாத கதையா என்ன?

ரோஜர்ஸ் செய்த இரண்டு காரியங்கள் உண்மையிலேயே பெரியவை. ஒன்று, 1942இல் வந்த நூலில் 'நோயாளி' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'கிளையண்ட்' என்று போட்டார். வக்கீலிடம் போகிறவர் கிளையண்ட். வக்கீல் சட்டம் தெரிந்தவர்தான், ஆனால் வழக்கு கிளையண்டுடையது. நல்ல நோக்கம். கூடவே சந்தையும் அந்தச் சொல்லோடு உள்ளே வந்துவிட்டது: காசு கொடுக்கிறவரும் கிளையண்ட்தானே. இரண்டாவது, அதே நூலில் ஒரு முழுச் சிகிச்சையின் பேச்சை, எட்டு அமர்வுகளையும், இசைத்தட்டில் பதிந்து வரிக்குவரி அச்சிட்டார். அதுவரை அந்த அறையில் என்ன நடந்தது என்பதற்கு டாக்டரின் நினைவுக் குறிப்பே சாட்சி. இப்போது டாக்டர் உளறியதும் அச்சில். பாவமன்னிப்புக் கூண்டின் திரையை விலக்கியது மாதிரியான காரியம் அது. மருத்துவர்கள் சங்கத்துக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. மருத்துவப் பட்டம் இல்லாத ஆட்கள் 'சிகிச்சை' செய்யக் கூடாது என்று தொந்தரவு கொடுத்தார்கள். 'கவுன்சலிங்' என்ற சாதுவான சொல் பரவியதற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம்.

1957இல் ரோஜர்ஸ் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மாற்றம் நிகழத் தேவையானவையும் போதுமானவையும் சில நிலைமைகள் மட்டுமே என்றார்: மருத்துவரின் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, எதிரில் உள்ளவரை நிபந்தனையில்லாமல் ஏற்பது, அவர் இடத்தில் நின்று உணர்வது, இவை அவருக்கு ஓரளவாவது போய்ச் சேர்வது. படிப்பு, பட்டம், நோய்ப்பெயர் எதுவும் அவசியமில்லை. 'போதுமானவை' என்ற சொல்லில்தான் வில்லங்கம்.

அதே வருஷம் ஏப்ரல் 18 அன்று, மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில், பல்கலைக்கழக மேடையில் ரோஜர்ஸும் மார்ட்டின் பூபரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பூபருக்கு 79 வயது. 'நான்-நீ' உறவு பற்றி 1923இல் எழுதிய தத்துவவாதி. சல்லிவன் வட்டாரத்தின் வாஷிங்டன் பள்ளி சொற்பொழிவுக்காக அழைத்ததன் பேரில்தான் அந்தமுறை அமெரிக்காவுக்கு வந்திருந்தார். ஆக இரண்டு மரபுகளும் அந்த வசந்தத்தில் ஒரே ஆளைச் சுற்றி வந்தன. உங்களுக்கு மனிதர்களைப் பற்றிய இந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது என்று ரோஜர்ஸ் கேட்க, பூபர் எந்தப் புத்தகத்தையும் சொல்லவில்லை. கொல்லப்பட்ட தன் நண்பரைப் பற்றிச் சொன்னார். அராஜகவாதி குஸ்தாவ் லாண்டவர், 1919 மேயில் ம்யூனிக் புரட்சியை நசுக்கிய படையினரால் சிறையில் அடித்தும் சுட்டும் கொல்லப்பட்டவர். அந்தக் கொலையைத் தன் உடம்பாலேயே கற்பனை செய்ய வேண்டியிருந்தது, அதன்பிறகு மனிதர்களைச் சந்திப்பது மாறிவிட்டது என்றார். ஒத்துணர்வு என்று நாம் இன்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருகிற சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு பிணம் கிடக்கிறது.

பிறகு ரோஜர்ஸ் தன் வாதத்தை வைத்தார். சிகிச்சை நன்றாகப் போகிற தருணங்களில் நானும் எதிரில் இருப்பவரும் முற்றிலும் சமம். அது நீங்கள் சொல்லும் நான்-நீ உறவுதான். பூபர் விடவில்லை. அவர் உங்களிடம் உதவி கேட்டு வந்திருக்கிறார், நீங்கள் அவரிடம் உதவி கேட்டுப் போகவில்லை. நீங்கள் உங்கள் பக்கத்தையும் அவர் பக்கத்தையும் பார்க்க முடியும். அவரால் இப்போது அது முடியாது. இது உங்கள் மனசு சம்பந்தப்பட்டதில்லை, நிலைமை சம்பந்தப்பட்டது. இந்த மாதிரிதான் போனது பேச்சு. ரோஜர்ஸ் உணர்வைப் பற்றிப் பேசினார், பூபர் நிலைமையைப் பற்றிப் பேசினார். அதே அக்டோபரில் பூபர் தன் பழைய நூலுக்கு எழுதிய பின்னுரையில் மருத்துவர், ஆசிரியர் உறவுகளில் முழுப் பரஸ்பரம் சாத்தியமில்லை என்று பதிவும் செய்துவிட்டார். ஆன் ஆர்பர் பேச்சு நடந்து பத்தாவது நாள் ஃப்ரீடா ராக்வில்லில் தன் வீட்டில் இறந்தார்.

எனக்கு பூபர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் அவரும் பாதி தூரம்தான் போனார். நோயாளியால் மறுபக்கத்தைப் பார்க்க முடியாது என்று அவர் சொன்னதை செவர்ன் 25 வருஷத்துக்கு முன்பே பொய்யாக்கியிருந்தார். நோயாளி பார்க்கிறார். பார்த்ததைச் சொல்ல அவருக்கு இடமில்லை, சொன்னால் அது நோயின் அறிகுறியாகிவிடுகிறது.

*

விவாதத்தின் விடை மேடையில் கிடைக்கவில்லை. விஸ்கான்சினில் கிடைத்தது. அதே 1957இல் ரோஜர்ஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறி, மேடிசன் நகரத்து மெண்டோட்டா அரசு மருத்துவமனையில் ஸ்கிட்சோஃப்ரெனியா நோயாளிகளிடம் தன் முறையைச் சோதித்தார். சல்லிவன் தொடங்கிய இடத்துக்கே இந்த மரபு திரும்பியது. ஆனால் இங்கே யாரும் 'கிளையண்ட்' ஆக வந்தவர்கள் இல்லை. அவர்கள் வரவே இல்லை; கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். பேச்சு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரோஜர்ஸோடு வேலை செய்த யூஜின் ஜெண்ட்லின் இதை விவரித்து எழுதியிருக்கிறார்: அறைக்கு வர மறுக்கிறவர்களிடம் வார்டிலேயே, நடைவழியிலேயே போய் நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. மௌனம், மௌனம். ரோஜர்ஸ் வெளியிட்ட ஓர் அமர்வில் ஓர் இளைஞன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் யாருக்கும் உபயோகமில்லை என்கிறான், பிறகு அழுகிறான். ரோஜர்ஸ் கூடவே இருக்கிறார். படிக்கிற யாரையும் அசைத்துவிடுகிற பக்கங்கள் அவை. அந்த உறவு பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் மொத்தக் கணக்கு? திட்டத்துக்குள்ளே சண்டை, தரவுகள் காணாமல்போனது, உடன் ஆய்வாளரோடு தகராறு எல்லாம் தாண்டி 1967இல் நூல் வந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. நல்ல உறவு அமைந்தவர்கள் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். அடுத்து வந்ததுதான் விஷயம். உறவு எவ்வளவு நன்றாக இருந்தது என்று மூன்று தரப்பிடம் மதிப்பீடு கேட்டிருந்தார்கள்: மருத்துவர், நோயாளி, ஒலிநாடா கேட்ட வெளியாள். நோயாளியும் வெளியாளும் ஒத்துப்போனார்கள். மருத்துவர் மட்டும் ஒத்துப்போகவில்லை. தன் ஒத்துணர்வைப் பற்றி மருத்துவர்களுக்கு இருந்த நல்லெண்ணம் பல இடங்களில் தப்பாக இருந்தது. இதை ரோஜர்ஸே மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டும். சமத்துவம் நிகழ்ந்ததா இல்லையா என்று அறிய, கொடுத்ததாக நினைக்கிறவரைக் கேட்டால் போதாது. சாதி பார்க்காதவர்கள் என்று தங்களைத் தாங்களே அறிவித்துக்கொள்கிறவர்கள் நடுவே வாழ்கிற நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

இதற்குப் பிறகு ரோஜர்ஸ் அரசு மருத்துவமனைப் பக்கம் திரும்பவில்லை. 1964இல் கலிஃபோர்னியா போய்விட்டார். அங்கே ஈசலன், குழு அமர்வுகள், வெந்நீர் ஊற்று, வசதியான வெள்ளை நடுத்தர வர்க்கம். ஏழைப் பிள்ளைகளிடமும் பூட்டிய வார்டுகளிலும் பிறந்த முறை பசியெடுக்காதவர்களின் வளர்ச்சித் திட்டமாகிவிட்டது. ஏற்கெனவே 1950களின் கடைசியில் அவர் அங்கம் வகித்து ஆய்வுப்பணமும் பெற்ற 'மனிதச் சூழலியல்' அமைப்பு சி.ஐ.ஏ.வின் முகமூடி என்பது ஜான் மார்க்ஸின் 1979 நூலில் வெளியானது. 1966இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசஃப் வைசன்பாம் 'எலிசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் பாணி மருத்துவர் மாதிரி, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். ஏன் அந்தப் பாணி? உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே அப்படிப் பேசிக்கொண்டு போக முடியும் என்பதால். நிரல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த அவருடைய செயலாளரே அதோடு பேசும்போது, கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் கலங்கிப்போய் 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றைக்குக் கைபேசிக்குள் இருந்து நம்மை 'ஏற்றுக்கொள்கிற' யந்திரங்களுக்கு அதுதான் பாட்டி.

ரோஜர்ஸ் அரசியல் பக்கம் வராமலும் இல்லை. பெல்ஃபாஸ்டிலிருந்து கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு, ஒரு முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி என ஒன்பது பேரை 1972இல் பிட்ஸ்பர்க்குக்கு வரவழைத்து மூன்று நாள் பேசவைத்துப் படமெடுத்தார். வெறுப்பு இளகியது. ஊர் திரும்பினால் பழைய தெரு, பழைய துப்பாக்கி. 1977இல் எழுதிய நூலில் பாவ்லோ ஃப்ரெய்ரேயைப் படித்து, நாம் இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறோம் என்று மகிழ்ந்தார். ஒன்றேதானா? ஃப்ரெய்ரேயின் பாடத்தில் நிலப்பிரபு உண்டு.

இனி செஸ்ட்நட் லாட்ஜ். 1979இல் ரஃபேல் ஒஷெராஃப் என்ற சிறுநீரக மருத்துவர் கடும் மனச்சோர்வோடு அங்கே சேர்ந்தார். ஏழு மாதம் பேச்சுச் சிகிச்சை மட்டும், மருந்து கிடையாது. நடைபாதையில் ஓயாமல் நடந்து நடந்து பாதம் புண்ணானது. குடும்பம் வேறு மருத்துவமனைக்கு மாற்றி மருந்து கொடுத்ததும் சில மாதத்தில் தேறினார். 1982இல் வழக்குப் போட்டார். 1987இல் கோர்ட்டுக்கு வெளியே பைசல். மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கொடியாகப் பிடித்து, பேச்சுச் சிகிச்சையின் காலம் முடிந்தது என்று அறிவித்தார்கள். 1984இல் லாட்ஜின் பழைய நோயாளிகள் பற்றி அங்கேயே நடத்திய தொடர் ஆய்வும் ஸ்கிட்சோஃப்ரெனியா உள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தது. மருத்துவமனை 2001இல் மூடப்பட்டது. 2009 ஜூலையில் பிரதான கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது.

இதை மருந்துக்கும் பேச்சுக்கும் நடந்த போட்டியாக வாசிப்பதுதான் வழக்கம். எனக்கு உறைப்பது வேறு. ஒஷெராஃப் மருந்து கேட்டிருந்தார். உறவின் பெயரால் நடந்த மருத்துவமனையில், நோயாளி கேட்டது சிகிச்சைக்கான 'எதிர்ப்பு' என்று விளக்கப்பட்டது. கேட்பதையே அடிப்படையாகக் கொண்ட மரபு கேட்கவில்லை.

கேட்டுப் பார்த்துச் சலித்தவர்கள் வெளியேறினார்கள். ஜூடி சேம்பர்லின் 1966இல், கருச்சிதைவுக்குப் பிறகான துயரத்தில் மருத்துவமனைக்குப் போய், தன் விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்பட்டவர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் முன்னாள் நோயாளிகளின் விடுதலைக் குழுக்களில் சேர்ந்தார். கனடாவின் வான்கூவரில், டாக்டர்கள் இல்லாத ஒரு நெருக்கடிகால இல்லத்தில் தங்கித் தேறினார். 1978இல் 'ஆன் அவர் ஓன்' என்ற நூலை எழுதினார். அவர் கேட்டது அன்பான மருத்துவர் இல்லை. கணக்குப் புத்தகம், கதவுச் சாவி, யாரை வேலைக்கு வைப்பது என்கிற முடிவு இவை எல்லாம் நோயாளிகளிடம் இருக்கிற இடம். ரோஜர்ஸ் நிபந்தனைகள் என்று பட்டியலிட்டவை எல்லாம் அந்த மாதிரி இடங்களிலும் இருந்தன; கூடவே ரோஜர்ஸின் பட்டியலில் இல்லாத ஒன்றும் இருந்தது. பிடிக்காவிட்டால் எழுந்து வெளியே போய்விடலாம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 'கவுன்சலிங்' என்பதற்கு ஈழத்தில் 'உளவளத்துணை' என்கிறார்கள். நம் பக்கத்துக் கிறித்தவ வட்டாரங்களில் 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல் புழங்குகிறது. ஆறு என்றால் வழி. புண்ணை ஆற்றுவது என்ற பொருளும் காதில் விழுவதால் பொருத்தமாகத் தோன்றி எடுத்திருப்பார்கள். ஆனால் பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். அதில் பாணர், பொருநர், கூத்தர் பாட்டுகளை எடுத்துக்கொண்டால், வழி சொல்கிறவன் யார்? வள்ளல் இல்லை. புலவர் பெருமகனும் இல்லை. நேற்றுவரை பசியோடு அலைந்து, அந்த வழியில் நடந்து, பரிசு பெற்றுத் திரும்பி வருகிற இன்னொரு பாணன். எதிரே வருகிற இல்லாதவனிடம், இப்படிப் போ, இந்த மலைச்சரிவில் பார்த்துப் போ என்று சொல்கிறவன் இவன். அந்தச் சொல்லை நிபுணர்களின் அறைக்குப் பெயராக வைத்தபோது பாணன் காணாமல்போனான். சேம்பர்லினின் ஆட்கள் கேட்டது பாணனைத்தான்.

அதையும் அமைப்பு தன் வழியில் கொடுத்துவிட்டது. 1990களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில், முதலில் ஜார்ஜியா மாநிலத்தில், முன்னாள் நோயாளிகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, 'சகத்துணையாளர்' என்று பதவி கொடுத்து, அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். மருத்துவமனைகளிலும் வேலைக்கு எடுக்கிறார்கள். படிவரிசையில் அவர்கள் சம்பளம் அடிமட்டத்தில். பலருக்கு அது வாழ்வு கொடுத்த வேலை, ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் எதிரே இருந்தவரைப் பற்றி அவர் குறிப்பு எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். வைத்தால்தான் அந்த மணிநேரத்துக்குக் காப்பீட்டுப் பணம் வரும்.